36 ஆண்டுத் தாகம் அரை நொடியில் தீர்ந்த கதை தெரியுமா?

2022 மே 13, வெள்ளிக்கிழமை இரவு. மணிலாவை ஒட்டிய பாசாய் நகரத்தில் மால் ஆஃப் ஏசியா அரங்கம். ஒரு பக்கம் முழுக்க நீலச் சட்டை, மறுபக்கம் முழுக்க அரக்குச் சிவப்பு. ஸ்கோர் 69-69. வழக்கமான நேரம் முடிந்து, கூடுதலாகக் கொடுத்த ஐந்து நிமிடமும் முடியப் போகிறது. பந்து ஜே.டி. ககுலாங்கன் கையில். அணியிலேயே உயரம் குறைந்தவர்களில் ஒருவர். எதிரே நிற்பவரை ஏமாற்றி ஒரு எட்டு பின்னால் வைக்கிறார், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து எம்பி வீசுகிறார். பந்து வளையத்துக்குள் விழும்போது கடிகாரத்தில் மிச்சம் எவ்வளவு தெரியுமா? அரை நொடி!

72-69. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம் சாம்பியன். ஊர் வாயில் அதன் பெயர் யூ.பி. கடைசியாக அந்தக் கோப்பையை யூ.பி. தொட்டது 1986-ல். அன்று கோர்ட்டில் ஓடிய பையன்கள் யாரும் அப்போது பிறந்திருக்கவே இல்லை!

இத்தனைக்கும் இது உலகக் கோப்பை இல்லை, ஒலிம்பிக் இல்லை. காலையில் வகுப்புக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வரும் மாணவர்களின் போட்டி. யூ.ஏ.ஏ.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கத்தின் 84-ஆவது சீசன். நமக்கு கிரிக்கெட் எப்படியோ, அந்தத் தீவுகளுக்குக் கூடைப்பந்து அப்படி. மீன்பிடிக் கிராமத்துத் தென்னை மரத்தில்கூட ஒரு வளையத்தை ஆணியடித்து வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட நாட்டில் கல்லூரிப் பையன்கள் ஆடும் கூடைப்பந்துக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று நினைக்கிறீர்கள்? 2014 இறுதிப் போட்டிக்கு 25,000-க்கும் மேற்பட்டோர் அரங்கத்துக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். எந்த அரங்கம் தெரியுமா? கெஸோன் சிட்டியின் அரனெட்டா கொலீசியம். 1975-ல் முகமது அலியும் ஜோ ஃப்ரேஸியரும் மோதிய அதே இடம்!

சரி, 84-ஆவது சீசனுக்கு வருவோம். அந்த சீசனுக்கே ஒரு தனி வலி உண்டு. கொரோனா வந்ததும் 82-ஆவது சீசனைப் பாதியில் நிறுத்தினார்கள். 83-ஆவது சீசன் நடக்கவே இல்லை. இரண்டாண்டு விளையாடாத பிள்ளைகள். கல்லூரி விளையாட்டு வீரனின் ஆயுளே நான்கைந்து ஆண்டுதானே? அதில் இரண்டு போனால் என்ன மிஞ்சும்? 2022 மார்ச் 26-ல் திரும்பவும் பந்து உருண்டபோது எட்டு அணிகளையும் ஒரே நாளில், ஒரே அரங்கத்தில், ஒன்றன்பின் ஒன்றாக ஆட வைத்தார்கள். ஒரு நாளைக்கு நான்கு ஆட்டம். வழக்கமாக மாதக்கணக்கில் நிதானமாக ஓடும் சீசன், ஏழே வாரத்தில் மூச்சுத் திணறத் திணற முடிந்தது.

இன்னொன்று கேளுங்கள். இறுதிப் போட்டி மூன்று ஆட்டத் தொடர். முதல் ஆட்டம் மே 8. அடுத்த நாள், மே 9, நாடு முழுக்க அதிபர் தேர்தல்! வாக்குச் சாவடிக்குப் போய் விரலில் மையோடு திரும்பி வந்தவர்கள், மே 11-ல் இரண்டாம் ஆட்டம் பார்த்தார்கள். முதல் ஆட்டம் யூ.பி.க்கு, அதுவும் கூடுதல் நேரத்தில். இரண்டாவது எதிரணிக்கு. மூன்றாவதுதான் அந்த அரை நொடி.

எதிரணி யார்? அட்டெனியோ டி மணிலா. இயேசு சபைத் துறவிகள் 1859-ல் தொடங்கிய கல்வி நிலையம். நீலக் கழுகுகள் என்பது அணியின் பெயர். அந்தக் கழுகுகளைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். தொடர்ந்து மூன்று முறை சாம்பியன், நான்காவதற்கு வந்து நின்ற அணி. 2018-க்குப் பிறகு தோல்வி என்றால் என்னவென்றே தெரியாது. 39 ஆட்டம், 39 வெற்றி! அந்தத் தொடர் வெற்றியை அறுத்ததும் இதே யூ.பி.தான். மே 1-ஆம் தேதி, லீக் சுற்றின் கடைசி நாளில், 84-83. ஒரே ஒரு புள்ளி!

அந்த ஒரு புள்ளி எவ்வளவு பெரியது தெரியுமா? லீக் சுற்றில் ஒவ்வொரு அணிக்கும் 14 ஆட்டம். பதினான்கையும் வென்றுவிட்டால் அரையிறுதியே கிடையாது, நேராக இறுதிக்குப் போய் உட்காரலாம். முதல் நான்கு இடத்தில் உள்ள மற்ற மூன்று அணிகளும் ஏணிப்படி ஏறுவதுபோல் ஒன்றையொன்று வென்றுதான் மேலே வர வேண்டும். அட்டெனியோ 13 வென்று நின்றது. அன்று யூ.பி. ஒரு புள்ளி தவறவிட்டிருந்தால் கதையே வேறு.

விதிகளில் இன்னொரு விசித்திரமும் உண்டு. லீக்கில் முதல் இரண்டு இடம் பிடித்த அணிகள் அரையிறுதியில் ஒரு முறை வென்றால் போதும். மூன்றாம், நான்காம் இடத்து அணிகள் இரண்டு முறை வென்றாக வேண்டும். "இரண்டு முறை அடித்தால்தான் வீழ்வோம்" என்ற சலுகை அது. உழைத்து முன்னுக்கு வந்தவனின் ஒரு தவறைப் பொறுத்துக்கொள்ளலாம் என்கிற இந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும். யூ.பி.யே 2022-ல் இதனால்தான் தப்பித்தது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் டி லா சால் பல்கலைக்கழகத்திடம் தோற்று, இரண்டாவதில் வென்று கரையேறியது.

யூ.பி.யின் இந்த வெற்றியை முழுசாகப் புரிந்துகொள்ள, ஒன்பதாண்டு பின்னோக்கிப் போக வேண்டும். 2013-ல் யூ.பி. ஆடியது 14, தோற்றது 14. நாட்டின் முதன்மையான அரசுப் பல்கலைக்கழகம், படிப்பில் கொடி கட்டிப் பறப்பது. கூடைப்பந்தில் மட்டும் அடிமட்டம். தோல்வி அடுத்த சீசனிலும் தொடர்ந்தது. தொடர்ச்சியாக 27 தோல்வி! பிறகு 2014 ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் ஆடம்சன் பல்கலைக்கழகத்தை வென்றார்கள். லீக் சுற்றில் ஒரே ஒரு ஆட்டம். அன்று இரவு யூ.பி.யின் டிலிமான் வளாகத்தில் என்ன நடந்தது தெரியுமா?

சொக்கப்பனை கொளுத்தினார்கள்!

மணிலாவின் பல்கலைக்கழகங்களில் கோப்பை வென்றால் வளாகத்தின் நடுவே கட்டைகளை அடுக்கி நெருப்பு மூட்டிக் கொண்டாடுவது வழக்கம். சாம்பியன்களுக்கு உரியது அந்தத் தீ. ஒரேயொரு வெற்றிக்கு யாரும் மூட்டுவதில்லை. யூ.பி. மாணவர்கள் மூட்டினார்கள். மற்ற கல்லூரிக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! இரண்டாண்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போய், ஒவ்வொரு முறையும் தோற்று, ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று கல்லூரிப் பாட்டைப் பாடிவிட்டு வீடு திரும்பியவனுக்கு, ஒரு வெற்றி கோப்பையைவிடப் பெரிது. என்னைக் கேட்டால் 2022-ன் சாம்பியன் அணி பிறந்தது அந்தத் தீயின் வெளிச்சத்தில்தான். அந்தக் காலகட்டத்தில்தான் பழைய மாணவர்கள் ஒன்று கூடி அணிக்குப் பண உதவி செய்யத் தொடங்கினார்கள். அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் "நோவேர் டு கோ பட் யூ.பி." அடிமட்டத்தில் கிடப்பவனுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழி ஏது? யூ, பி என்ற எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் "அப்". கல்லூரியின் பெயரிலேயே அந்த "மேலே" ஒளிந்திருந்தது!

2018-ல் இறுதிக்கு வந்து தோற்றார்கள். 32 ஆண்டுக்குப் பிறகு முதல் இறுதி அது. 2022-ல் பயிற்சியாளர் கோல்ட்வின் மான்டெவெர்டே வந்த முதல் சீசனிலேயே கோப்பை.

கல்லூரிப் பாட்டு என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் முடிந்ததும் யாரும் ஓடிவிட மாட்டார்கள். வென்றவர்களும் தோற்றவர்களும் தங்கள் ரசிகர்களைப் பார்த்துத் திரும்பி நின்று தங்கள் கல்லூரிப் பாட்டைப் பாடுவார்கள். முஷ்டி உயரும், கண்ணீர் வழியும், பாட்டு நிற்காது. யூ.பி.யின் பாட்டு "யூ.பி. நாமிங் மஹால்". தகாலோக் மொழியில் "மஹால்" என்றால் என்ன தெரியுமா? அன்புக்குரியது. அதே சொல்லுக்கு விலை அதிகமானது என்றும் பொருள்! எங்கள் அன்புக்குரிய யூ.பி. என்று பாடும் அந்தப் பிள்ளைகள் 36 ஆண்டு கொடுத்த விலையை நினைத்தால், அந்த மொழி ஒரே சொல்லில் இரண்டையும் வைத்தது எவ்வளவு பொருத்தம்!

அதே 84-ஆவது சீசன், இன்னும் முடியவில்லை. இதைவிடப் பெரிய தாகம் ஒன்று பெண்கள் வாலிபாலில் காத்திருந்தது. நேஷனல் யுனிவர்சிட்டி என்ற என்.யூ. கடைசியாகப் பெண்கள் வாலிபால் கோப்பையை வென்றது 1957-ல். 65 ஆண்டு! 2022-ல் ஒரு இளம் அணியோடு வந்தார்கள். பலரும் பள்ளியிலிருந்தே சேர்ந்து ஆடிய பெண்கள். லீக்கில் 14-க்கு 14. இறுதியில் டி லா சாலுக்கு எதிராக இரண்டுக்கு இரண்டு. மொத்தம் 16 ஆட்டம், ஒரு தோல்வி இல்லை!

அந்த அணியின் மிகயேலா பெலன் அப்போதுதான் முதல் சீசன் ஆடுகிறார். சிறந்த புதுமுகம் விருது அவருக்கு. சரி, எதிர்பார்த்ததுதான். சீசனின் மிகச் சிறந்த வீராங்கனை விருது யாருக்கு? அதுவும் அவருக்கே! இந்த லீக்கின் பெண்கள் வாலிபாலில் ஒரே சீசனில் இரண்டையும் வாங்கிய முதல் ஆள். இதில் ஓர் ஆச்சரியம் பாருங்கள். பிலிப்பைன்ஸ் தொழில்முறை கூடைப்பந்தில் இதேபோல் ஒரே சீசனில் இரண்டு விருதும் வாங்கிய ஒருவர் உண்டு. 1989-ல் பெஞ்ஜி பாராஸ். அவர் யார் தெரியுமா? 1986-ல் யூ.பி. கோப்பை வென்றபோது அந்த அணியின் இளம் ராட்சசன்!

நம்மில் பலருக்கு ஒரு சந்தேகம் வரலாம். பெண்கள் ஆட்டத்துக்கு அங்கே கூட்டம் வருமா? ஆண்கள் கூடைப்பந்துக்கு நிறையும் அதே பெரிய அரங்கங்கள் பெண்கள் வாலிபாலுக்கும் நிறைகின்றன. 2014-ல் அட்டெனியோ பெண்கள் செய்த காரியம் இதில் பெரும்பங்கு வகித்தது என்பேன். அதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கணக்கே தலை சுற்றும்.

அந்த ஆண்டு டி லா சால் லீக்கில் 14-க்கு 14 வென்று நேராக இறுதிக்குப் போய்விட்டது. முந்தைய மூன்று ஆண்டும் அவர்களே சாம்பியன். அட்டெனியோ மூன்றாம் இடம். முதலில் ஆடம்சனை வெல்ல வேண்டும், தோற்றால் வீட்டுக்கு. வென்றார்கள். அடுத்து என்.யூ.வை இரண்டு முறை வெல்ல வேண்டும். ஒன்றில் தோற்றாலும் வீட்டுக்கு. இரண்டு முறையும் வென்றார்கள். இறுதியில்? 14-க்கு 14 வென்ற சலுகையால் டி லா சால் இரண்டு வென்றால் போதும், அட்டெனியோ மூன்று வென்றாக வேண்டும்! முதல் ஆட்டத்திலேயே டி லா சாலின் 30 ஆட்டத் தொடர் வெற்றியை உடைத்தார்கள். இரண்டாவதில் தோற்றார்கள். மூன்றாவதும் நான்காவதும் அவர்களுக்கே. பெண்கள் வாலிபாலில் அட்டெனியோவின் முதல் கோப்பை அதுதான்.

இந்தப் பெண்களை வழிநடத்தியவர் தாய்லாந்துக்காரர், பெயர் தாய் பண்டிட். ஆங்கிலம் அரைகுறைதான். ஆட்டத்துக்கு முன் கண்ணை மூடித் தியானம் செய்ய வைத்தார். நெருக்கடியில் அவர் சொன்னது இரண்டே வார்த்தை, "ஹார்ட் ஸ்ட்ராங்". நெஞ்சுரம் என்று நாம் சொல்வோம். அணியின் தலைவி அலிஸா வால்டெஸ் அதற்குப் பிறகு நாடறிந்த நட்சத்திரம். தொடர்ந்து மூன்று சீசன் சிறந்த வீராங்கனை. எத்தனையோ சிறுமிகள் வாலிபால் ஆடக் கற்றுக்கொண்டது அவரைப் பார்த்துத்தான்.

தொடர் வெற்றி என்றதும் என்.யூ. பெண்கள் கூடைப்பந்து அணியைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2014-ல் தொடங்கி ஆறு சீசன். ஒவ்வொன்றிலும் 16-க்கு 16. பெருக்கிப் பாருங்கள், 96. இடையில் கொரோனா. திரும்பி வந்த 2022-ல் மேலும் 12. மொத்தம் 108 ஆட்டம் தோற்காத அணி! முதல் வெற்றியின்போது இருந்தவர்கள் பட்டம் வாங்கிப் போய், புதிதாக வந்தவர்களும் பட்டம் வாங்கிப் போய், தோல்வி மட்டும் வரவே இல்லை. 109-ஆவது ஆட்டத்தில் டி லா சால் 61-57 என்று முடித்து வைத்தது. என்.யூ. அழுதுவிட்டுப் போகவில்லை. அதே சீசனில் அதே டி லா சாலை இறுதியில் வென்று ஏழாவது கோப்பையையும் எடுத்துக்கொண்டது.

எட்டுப் பல்கலைக்கழகங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லட்டுமா? சாண்டோ டோமாஸ் 1611-ல் தொடங்கியது. அமெரிக்காவின் ஹார்வர்டுக்கும் 25 ஆண்டு மூத்தது! ஆடம்சனை 1932-ல் தொடங்கியவர் ஒரு கிரேக்க வேதியியலாளர். ஃபார் ஈஸ்டர்ன் பல்கலைக்கழக அணிக்கு டமராவ் என்று பெயர். மிண்டோரோ தீவில் மட்டுமே வாழும், அழிவின் விளிம்பில் உள்ள குட்டை எருமை அது. பிலிப்பைன்ஸின் தேசிய நாயகன் ஹோஸே ரிஸால் அட்டெனியோவில் படித்தவர், சாண்டோ டோமாஸிலும் படித்தவர். அவரைச் சொந்தம் கொண்டாட இரண்டு எதிரணிகளுக்கும் உரிமை உண்டு!

லீக் பிறந்தது 1938-ல். அதற்கும் முன்பே, 1924-ல், என்.சி.ஏ.ஏ. என்று இன்னொரு கல்லூரி லீக் வந்துவிட்டது. அட்டெனியோவும் டி லா சாலும் முதலில் அங்கேதான் மோதிக்கொண்டிருந்தன. அட்டெனியோ 1978-லும் டி லா சால் 1986-லும் இங்கே வந்து சேர்ந்தன. நீலம்-பச்சைப் பகையையும் கையோடு கொண்டு வந்தன.

அண்ணன் தம்பி கதை தெரியுமா? 2007-ல் யூனிவர்சிட்டி ஆஃப் த ஈஸ்ட், அதாவது யூ.இ., லீக்கில் 14-க்கு 14 வென்றது. டி லா சாலோ முந்தைய சீசன் முழுக்க ஆடவில்லை. தகுதியில்லாத வீரர்கள் போலிச் சான்றிதழோடு ஆடியது தெரிந்து, 2004-ல் வென்ற கோப்பையையே திருப்பிக் கொடுத்த பல்கலைக்கழகம் அது. தலை குனிந்து வெளியே போய் ஓர் ஆண்டில் திரும்பிய அந்த அணி, தோல்வியே காணாத யூ.இ.யை இறுதியில் இரண்டுக்கு இரண்டு வென்றது! டி லா சாலின் பயிற்சியாளர் ஃபிரான்ஸ் புமாரென். யூ.இ.யின் பயிற்சியாளர் டிண்டோ புமாரென். ஒரே வீட்டுப் பிள்ளைகள்!

கோர்ட்டுக்கு வெளியேயும் ஒரு போர் உண்டு. 1994-லிருந்து நடக்கும் சியர்டான்ஸ் போட்டி. எட்டுக் கல்லூரிகளும் ஆளுக்கு ஆறேழு நிமிடம், மனிதர்களைத் தூக்கி வீசிப் பிடித்து, தாளம் அதிர, கோபுரமாக ஏறி நின்று ஆடுவார்கள். டிக்கெட் கிடைப்பது குதிரைக் கொம்பு. சாண்டோ டோமாஸ் 2002 முதல் 2006 வரை ஐந்து முறை தொடர்ந்து வென்றது.

இதெல்லாம் பெரிய அரங்கத்துச் சமாசாரம். யாரும் பார்க்காத இடத்தில் நடப்பது இன்னும் அழகு. சீசன் முடிவில் ஒட்டுமொத்தச் சாம்பியன் யார் என்று ஒரு கணக்குப் போடுவார்கள். ஒரு விளையாட்டில் முதலிடத்துக்கு 15 புள்ளி, அடுத்ததற்கு 12, பிறகு 10. 25,000 பேர் பார்க்கும் கூடைப்பந்துக்கு 15. பத்துப் பேர் பார்க்கும் சதுரங்கத்துக்கு? அதற்கும் 15! ஜூடோவுக்கும் 15, வாள்வீச்சுக்கும் 15, டேபிள் டென்னிஸுக்கும் 15. கூட்டத்தைப் பார்க்காமல் உழைப்பைப் பார்க்கும் இந்தக் கணக்கில் மிக அதிக முறை முதலிடம் பிடித்தது சாண்டோ டோமாஸ். அங்கே படித்து, இந்த லீக்கில் கோலூன்றித் தாண்டிய ஒரு பையன் 2023-ல் நார்வேயின் பெர்கனில் 6 மீட்டர் தாண்டினார். 6 மீட்டர் தாண்டிய முதல் ஆசியர், எர்னஸ்ட் ஜான் ஒபியேனா!

ககுலாங்கனிடம் திரும்பி வருகிறேன். அவர் கல்லூரி வாழ்வைத் தொடங்கியது யூ.பி.யில் இல்லை, டி லா சாலில். அங்கிருந்து மாறி வந்து அந்த அரை நொடி வீச்சை வீசினார். 2024 டிசம்பரில் யூ.பி. மறுபடி சாம்பியன் ஆனது, 66-62. இறுதித் தொடரின் சிறந்த வீரர் அவரே. தோற்ற அணி? அவர் விட்டு வந்த அதே டி லா சால்!

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. 1986 இறுதியில் பாராஸ் ஆடிய யூ.பி. வென்றது யாரைத் தெரியுமா? யூ.இ.யை. அதற்கு முந்தைய ஆண்டுச் சாம்பியன் யூ.இ.தான். 1960-களில் தொடர்ந்து கோப்பைகளை அள்ளிய அணி, பின்னாளில் நாட்டின் செனட்டரான ராபர்ட் ஜாவோர்ஸ்கியை வளர்த்த அணி. யூ.பி.யின் காத்திருப்பு 36 ஆண்டில் முடிந்துவிட்டது. யூ.இ.க்கு 1985-க்குப் பிறகு ஆண்கள் கூடைப்பந்துக் கோப்பை கிடைக்கவில்லை. ஆடம்சன் வென்றது ஒரே ஒரு முறை, 1977-ல். இந்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகளும் ஒவ்வொரு சீசனும் சட்டை மாட்டிக்கொண்டு, தாளம் தட்டிக்கொண்டு, அரங்கத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்த சீசனில் ஏதாவது ஓர் ஆட்டம் உங்கள் கண்ணில் பட்டால், தயவுசெய்து முடிந்ததும் அணைத்துவிடாதீர்கள். தோற்ற அணி பாடும் பாட்டையும் கேளுங்கள்.